இரண்டு இட்லி, நான்கு மணி நேரம்

இட்லி என்னவோ இட்லி மாதிரிதான் இருந்தது. எவர்சில்வர் தட்டில் இரண்டு. சட்னி இல்லை, சாம்பார் இல்லை, பக்கத்தில் ஒரு தம்ளர் தண்ணீர், அதுவும் அளந்து ஊற்றியது. வழக்கமாக முட்டையும் ரொட்டியும்தான் கொடுப்பார்களாம். வெள்ளிக்கிழமை முட்டை தொடமாட்டேன் என்று உலகம்மாள் சொன்னதும் நிலோபர் என்கிற அந்த டெக்னீஷியன் பெண் சிரித்துவிட்டாள். "இங்க வர்றவங்கள்ல பாதிப் பேரு அப்படித்தாம்மா. அதுக்குன்னே இட்லியும் வச்சிருக்கோம்." மாவிலேயே கதிர்வீசும் பொருள் ஒரு துளி கலந்து அவித்திருக்கிறார்கள். நிறம் கிடையாது, மணம் கிடையாது, ருசியும் கிடையாது. "பத்து நிமிசத்துல ரெண்டையும் சாப்பிட்டுருங்க. வயித்துக்குள்ள எவ்வளவு இட்லி நிக்கிது, எவ்வளவு கீழ எறங்கிருச்சுன்னு கேமரா பாத்துரும். இப்ப ஒரு படம், ஒரு மணி நேரம் கழிச்சு ஒண்ணு, ரெண்டாவது மணியில ஒண்ணு, கடைசியா நாலாவது மணியில ஒண்ணு. அதுவரைக்கும் வேற எதுவும் சாப்பிடக் கூடாது." சாப்பாட்டில் ஒன்றைக் கலந்துவிட்டு, கலந்திருக்கிறேன் என்று முகத்துக்கு நேரே சொல்கிற ஒருத்தியை உலகம்மாள் இப்போதுதான் பார்க்கிறாள். சொல்லாமல் கலந்தாள் என்று ஒன்பது மாதத்துக்கு முன்னால் இவளே கூட வேலை பார்த்த ஒருத்தியைப் பதினோரு பேர் முன்னால் குற்றம் சொல்லியிருந்தாள். புஷ்பத்தை. அந்த நினைப்போடுதான் முதல் விள்ளலைப் பிட்டு வாயில் வைத்தாள். ஒரு மடக்குத் தண்ணீர் விட்டு இறக்கினாள். இரண்டாவது இட்லியில் பாதிக்கு வரும்போதே வயிறு கல்யாணப் பந்தியில் மூன்றாம் முறை பாயசம் வாங்கிய வயிறு போல ஆகிவிட்டது. நேற்று ராத்திரி ஏழரைக்குப் பிறகு ஒன்றும் சாப்பிடாத வயிறு இது. நிலோபர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். உலகம்மாள் கண்ணை மூடிக்கொண்டு மிச்சத்தையும் விழுங்கினாள்.

இரண்டு பெரிய தகடுகளுக்கு நடுவே ஆடாமல் ஒரு நிமிடம் நிற்க வேண்டும், அவ்வளவுதான் படம். வலிக்காது, சுடாது, சத்தம்கூடப் பெரிதாக இல்லை. தென்காசிக் கோர்ட்டில் இருபத்திரண்டு வருடமாகச் சாட்சிகளின் வாக்குமூலத்தைத் தட்டச்சு செய்துகொண்டிருக்கிறவள் அவள். கூண்டில் ஏறி நிற்பவர்கள் கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் முழிப்பதைத் தினமும் பார்த்தவளுக்கே இன்றைக்குக் கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. சாட்சி சொல்லப் போவது வயிறு. இரண்டு வருடமாக இந்த வயிறு என்ன சொல்ல வருகிறது என்று யாருக்கும் புரியவில்லை. நாலு வாய் சாப்பிட்டால் நெஞ்சுவரை அடைக்கிறது. முந்தின நாள் மத்தியானம் சாப்பிட்ட கத்தரிக்காய் மறுநாள் காலையில் வாந்தியில் கத்தரிக்காயாகவே வருகிறது. இன்சுலின் ஊசி போட்டுச் சாப்பிட்டு உட்கார்ந்தால் சர்க்கரை இறங்கி கண் இருட்டுகிறது, மூன்று மணி நேரம் கழித்துக் கண்டபடி ஏறுகிறது. பதினேழு வருடச் சர்க்கரை. புருஷன் கோமதிநாயகம் கேஸ் மாத்திரை வாங்கிக் கொடுத்தார். பிறகு ஓமத்தண்ணீர் கொடுத்தார். பிறகு, "ஏளா, சாப்பிட மனசில்லாம வீம்புக்கு இருக்கியோ" என்றார். கோமதிநாயகத்தின் அக்கா, உலகம்மாளுக்கு மதினி, அப்படிச் சொல்லவில்லை. மதினி அவள் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "இது வெறும் வயித்துக் கோளாறு இல்ல. யாரோ கையால நீ எதையோ தின்னுருக்க" என்றாள். அந்த வீட்டில் அவளை நம்பிய முதல் ஆள் மதினிதான். தன்னை நம்புகிறவர்கள் சொல்வதைத்தானே யாரும் நம்புவார்கள். "ஆச்சும்மா, கீழ எறங்கலாம்" என்றாள் நிலோபர்.

படம் எடுத்தவர்கள் காத்திருக்கிற அறை தனி. உள்ளே இரும்பு நாற்காலிகள் தள்ளித் தள்ளிப் போட்டிருந்தன. கர்ப்பிணிகளும் குழந்தைகளும் இந்த அறைக்குள் வரக் கூடாது என்று கதவில் எழுதியிருந்தது. கோமதிநாயகம் கதவுக்கு வெளியே நின்று கழுத்தை மட்டும் நீட்டி, "கெளம்பிட்டா?" என்று கேட்டார். பஸ் டெப்போவில் டைம் கீப்பர். உலகத்தில் எதுவும் நேரத்துக்குப் புறப்பட்டால்தான் அவருக்கு நிம்மதி. "இட்லியச் சொல்லுதேன்" என்றார் அவரே. "இன்னும் ஸ்டாண்டுலதான் நிக்கி" என்றாள் உலகம்மாள். சிரிப்பதற்காகச் சொன்னது, அவர் சிரிக்கவில்லை, கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு போய்விட்டார். அவர் மேல் காபி வாசனை அடித்தது. மதுரைக்கு வந்ததிலிருந்து அவள் முன்னால் சாப்பிடக் கூச்சப்பட்டு ஒளிந்து ஒளிந்து சாப்பிடுகிறார் பாவம். உலகம்மாள் நாற்காலியில் சாய்ந்தாள். ஆண்டவனே என்று தொடங்கி அதற்கு மேல் என்ன கேட்பது என்று தெரியாமல் நிறுத்தினாள். இட்லி நேரத்துக்கு இறங்கிவிட வேண்டும் என்று கேட்கலாம். இறங்கிவிட்டால் வயிற்றில் வியாதி இல்லை. வியாதி இல்லையென்றால் மதினி சொன்னதுதான் சரி, புஷ்பம் சோற்றில் மருந்து வைத்தவள்தான், பதினாலு வருடம் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்ட ஒருத்தி தன்னைக் கெடுக்கப் பார்த்தாள் என்பதை அவள் சாகிற வரை வைத்துக்கொண்டிருக்க வேண்டும். இறங்காமல் நிற்க வேண்டும் என்று கேட்கலாம். நின்றால் வியாதி, ஆயுசுக்கும் வியாதி. ஆனால் அப்போது புஷ்பம் ஒன்றும் வைக்கவில்லை. அப்போது உலகம்மாள் செய்ததுதான் மிச்சம் நிற்கும். எதைக் கேட்டாலும் ஒரு பக்கம் இடிக்கிறது. கடைசியில் அவள் ஒன்றும் கேட்கவில்லை. ஏப்பம் வந்தது, இட்லி ஏப்பம், அதை மட்டும் கவனித்துக்கொண்டு இருந்தாள்.

தங்கபுஷ்பம் என்று முழுப்பெயர். இருவரும் ஒரே கோர்ட்டில் ஒரே மேசையின் இரண்டு பக்கம். மத்தியானம் ஒன்றரைக்குச் சாப்பாட்டு அறையில் ஜன்னல் ஓரத்து பெஞ்சில் இருவர் டிபன் பாக்ஸும் திறக்கும், எது யாருடையது என்று பிறகு தெரியாது. புஷ்பத்துக்கு உடன்குடிப் பக்கம். தை மாசம் பிறந்தால் ஊரிலிருந்து பனங்கிழங்கு வந்துவிடும். உப்பும் மஞ்சளும் போட்டு அவித்து, கட்டாகக் கொண்டுவருவாள். கிழங்கை நீளவாக்கில் பிளந்து, நடுவில் இருக்கிற குருத்தை எடுத்துப் போட்டு, ஓரத்து நாரை ஒவ்வொன்றாக இழுத்து உருவி, சுத்தமாக்கி நீட்டுவாள். உலகம்மாளுக்கு அதற்கெல்லாம் பொறுமை கிடையாது, ஒடிப்பாள், கடிப்பாள். "நார உரிச்சுத் தின்னுட்டி, மாடு மாதிரி மெல்லுத" என்று புஷ்பம் வைவாள். வைதுகொண்டே அடுத்ததை உரித்துக் கொடுப்பாள். அவள் விரல் நகங்கள் அந்த ஒரு மாதம் முழுக்க மஞ்சளாகவே இருக்கும். உலகம்மாளுக்கு முதுநிலைத் தட்டச்சராகப் பதவி உயர்வு வந்தது, புஷ்பத்துக்கு வரவில்லை, இருவருக்கும் ஒரே சர்வீஸ். அந்த உத்தரவு வந்த அன்றைக்குப் புஷ்பம் கேசரி கிளறிக்கொண்டு வந்தாள். அதில் முந்திரி கூடுதலாக இருந்தது. பொறாமைப்படுகிறவள் முந்திரி கூடுதலாகப் போடுவாளா என்று இன்றைக்கு இந்த இரும்பு நாற்காலியில் தோன்றுகிறது. அன்றைக்கு, மதினி சொன்ன பிறகு, எதை மறைக்க அத்தனை முந்திரி என்றுதான் தோன்றியது. மனசு ஒரு பக்கம் சாய்ந்துவிட்டால் எல்லாம் அந்தப் பக்கம்தான் உருளும். கேசரி உருண்டது, முந்திரி உருண்டது, பதினாலு வருடமும் உருண்டது. "ஒரு மணி நேரப் படம்மா" என்று நிலோபர் வந்து கூப்பிட்டபோது உலகம்மாள் எழுந்த வேகத்தில் நாற்காலி சத்தமிட்டது.

தகடுகளுக்கு நடுவே மறுபடி நின்றாள். கம்ப்யூட்டர் திரையில் கருப்பில் ஒரு வெள்ளை மொச்சைக்கொட்டை மாதிரி ஏதோ தெரிந்தது, அதுதான் வயிற்றில் கிடக்கிற இட்லி. "கொறஞ்சிருக்காம்மா?" "நான் சொல்லக் கூடாதுங்கம்மா. டாக்டர் மொத்தமாப் பாத்துத்தான் சொல்வாரு." சரிதான். பாதி விசாரணையில் தீர்ப்புச் சொல்லக் கூடாது. அந்த ஒழுங்கு அவளுக்குத் தெரியும், தெரிந்திருந்தும் என்ன பிரயோசனம். மாசி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை மதினி அவளை வடக்கே ஒரு ஊருக்கு அழைத்துப் போனாள், இடுமருந்து எடுக்கிறவரிடம். பொறாமைக்காரர்கள் சோற்றில் கலந்து கொடுத்தது குடலில் ஒட்டிக்கொண்டு சாப்பாட்டை இறங்கவிடாது, அதைக் கக்கவைத்து எடுத்துவிடுவார் என்று சுற்றுவட்டாரத்தில் அவருக்குப் பேர். வெள்ளைச் சட்டை, தங்க பிரேம் கண்ணாடி, வாசலில் டோக்கன். அவர் கேட்ட கேள்விகளை இப்போது வரி வரியாக மனசுக்குள் தட்டச்சு செய்து பார்த்தாள். கூட உக்காந்து சாப்பிடுத ஆளு யாரும் உண்டா? உண்டு. பொம்பளையா? ஆமா. ஒங்களுக்கு வந்த ஏத்தம் அவுகளுக்கு வரலையோ? வரல. கோர்ட்டில் ஒரு வக்கீல் சாட்சியிடம் இப்படிக் கேட்டால் எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்து நின்றிருப்பார். பதிலைக் கேள்வியிலேயே வைத்துக் கேட்கக் கூடாது. அங்கே எதிர்த்தரப்பு யாரும் இல்லை. புஷ்பம் அந்த நேரம் தென்காசியில் இவள் வேலையையும் சேர்த்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஏதோ பச்சிலைச் சாற்றைக் கொடுத்தார், குடித்த கால் மணி நேரத்தில் குடலே வெளியே வருகிற மாதிரி வாந்தி, வாழையிலையில் எடுத்தாள். அதில் ஒரு உருண்டை கிடந்தது. பெரிய நெல்லிக்காய் அளவு. அவர் ஈர்க்குச்சியால் அதைப் பிரித்தார், தண்ணீர் விட்டார், இழை இழையாக வந்தது. "முடி" என்றார். மதினி வாயைப் பொத்திக்கொண்டாள். புஷ்பத்துக்கு இடுப்புவரை முடி.

அதற்குப் பிறகு எட்டு நாள் உலகம்மாள் நன்றாக இருந்தாள், அதுதான் வினை. வயிறு லேசானது, பசி எடுத்தது, ஒரு நாள் நாலு தோசை தின்றாள். அதற்கு மேல் என்ன ருசு வேண்டும், என்ன சாட்சி வேண்டும். மறுநாள் மத்தியானம் சாப்பாட்டு அறையில் புஷ்பம் டிபன் பாக்ஸைத் திறந்து, "கூட்டு வைக்கட்டா?" என்று கரண்டியை நீட்டியபோது உலகம்மாள் அதைக் கையால் தள்ளினாள். "ஒன் கை பட்டது இனிமே எனக்கு வேண்டாம். என்ன வச்சேன்னு ஒனக்குத் தெரியும். எடுத்தாச்சு." பதினோரு பேர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். புஷ்பம் அழவில்லை, சண்டைக்கு வரவில்லை. கரண்டியைத் துடைத்தாள், டிபன் பாக்ஸை மூடினாள், எழுந்து போய் மேசையில் உட்கார்ந்து டைப் அடித்தாள். குற்றம் செய்தவள் என்பதால்தான் வாயடைத்துப் போனாள் என்று உலகம்மாள் அன்றைக்கு முடிவு கட்டினாள். பேசினாலும் அதையேதான் கட்டியிருப்பாள். அதன் பிறகு அந்த அறையில் புஷ்பத்திடம் யாரும் ஒரு துண்டு ஊறுகாய்கூட வாங்கவில்லை. யாரும் ஒன்றும் சொல்லவில்லை, வாங்கவில்லை, அவ்வளவுதான். அவள் மகளுக்கு வேலை கிடைத்தது என்று ஒரு நாள் ஒரு டப்பா நிறைய மஸ்கோத் அல்வா கொண்டுவந்து மேசையில் வைத்தாள். சாயங்காலம் ஐந்தே முக்காலுக்கு அந்த டப்பா காலையில் இருந்த மாதிரியே இருந்தது. புஷ்பம் அதைப் பையில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினாள். உலகம்மாள் அதைப் பார்த்தாள். பார்த்துவிட்டு, சந்தோஷமாக இருக்கிறதா என்று தனக்குள் தேடினாள், இல்லை. ஆனியில் புஷ்பம் மாறுதல் வாங்கிக்கொண்டு அம்பாசமுத்திரம் போனாள். அவள் போய் ஐந்து மாதம் ஆகிறது. வாந்தி மட்டும் மாறுதல் வாங்கவில்லை. "முன்னால வச்சதோட மிச்சமா இருக்கும்" என்றாள் மதினி. அந்த வார்த்தையைக் கேட்டபோதுதான் உலகம்மாளுக்கு முதல்முதலாகப் பயம் பிடித்தது. மதினியிடம் எல்லாவற்றுக்கும் ஒரு பதில் இருந்தது.

இரண்டாவது மணிப் படத்துக்குக் கூப்பிட்டார்கள். சர்க்கரை பார்த்தார்கள், பரவாயில்லை என்றார்கள். தகடுகள் கிட்டே வந்தன. கண்ணை மூடினாள். மூடினால் வாழையிலை, அந்த உருண்டை, ஈர்க்குச்சி. காலையில் டாக்டர் பழைய காகிதங்களைப் புரட்டிக்கொண்டே கேட்டது காதுக்குள் ஓடியது. நார் உள்ளது ஏதும் சாப்பிடுறீங்களா, கீரைத்தண்டு, வாழைத்தண்டு, பனங்கிழங்கு? வேண்டாம், நிறுத்திருங்க. போன மாசம் உங்களுக்கு ட்யூப் விட்டுப் பாத்தப்போ அடைப்பு ஒண்ணும் இல்ல, ஆனா பட்டினியா வந்த வயித்துல பழைய சாப்பாடு அப்படியே கிடந்திருக்கு. வயித்தை அசைக்கிற நரம்பு சர்க்கரையால கெட்டிருந்தா அப்படித்தான் ஆகும். நாரெல்லாம் இறங்காம உள்ளயே சுத்திச் சுத்தி உருண்டையாத் திரளும். வாந்தியில வந்தா முடி மாதிரியே இருக்கும், சில பேரு பயந்துருவாங்க. ஊதிப் பாக்கிற டெஸ்ட் இருக்கு, விழுங்குற மாத்திரை டெஸ்ட் இருக்கு, நம்ம இதையே செஞ்சிருவோம், இதுல கணக்காத் தெரியும். அவர் அதைச் சொன்னபோது உலகம்மாள் வெறுமனே தலையாட்டினாள். ஏனென்றால் முடி என்ற சொல் உள்ளே போய் ஒரு இடத்தில் இடித்துக்கொண்டு நின்றது, அதற்கு மேல் போகவில்லை. இப்போது போனது. தண்ணீர் விட்டுப் பிரித்தபோது அந்த இழைகள் என்ன நிறம்? கருப்பில்லை. மஞ்சள். அவளும் பார்த்தாள், மதினியும் பார்த்தாள். "முடி மஞ்சளா இருக்கே" என்று அவள் வாய் திறந்தபோது, "மஞ்சள் தடவி மந்திரிச்சிருக்கா" என்று அவர் சொல்லிவிட்டார். மஞ்சள் போட்டு அவித்த கிழங்கு. நாரை உரிக்காமல் ஒடித்துத் தின்ற கிழங்கு. அதற்கு முந்தின வாரம் புஷ்பம் கொண்டுவந்தது. புஷ்பத்தின் கையிலிருந்துதான் வந்தது என்று அந்த ஆள் சொன்னது ஒருவகையில் உண்மைதான், நெஞ்சறிந்த உண்மை. அவள் உரித்து உரித்துக் கொடுத்தாள், இவள்தான் உரிக்காததையும் எடுத்துத் தின்றாள். "அம்மா, ஆடாம நில்லுங்க" என்றாள் நிலோபர். "படம் கலங்குது."

மறுபடி நாற்காலி. இன்னும் இரண்டு மணி நேரம். இது வெறும் யோசனைதானே, ருசு இல்லையே என்று ஒரு மனசு வாதாடியது. கிழங்கு நார் என்பதற்கும் சாட்சி இல்லை, முடி என்பதற்கும் சாட்சி இல்லை, இலையைச் சுருட்டி எறிந்தாகிவிட்டது. இட்லி இறங்கியிருந்தால் இத்தனை யோசனையும் வீண். எழுந்து நடக்கலாம் என்றார்கள், வராண்டாவுக்கு வந்து நடந்தாள். வெளியே பெஞ்சில் உட்கார்ந்தாள், ஓரமாக. ஒரு பெண் வந்தாள், ஏழாம் மாதம் இருக்கும், மூச்சு வாங்கிக்கொண்டு வந்தவள், "கொஞ்சம் தள்ளிக்கிடுங்கக்கா" என்று சிரித்துக்கொண்டே உட்காரப் போனாள். உலகம்மாள் பதறி எழுந்தாள். "வேண்டாம்மா. எம்பக்கத்துல உக்காராத. எனக்கு ஒரு டெஸ்ட்டு, உள்ளுக்கு ஒண்ணு குடுத்திருக்காக, நீ எங்கிட்ட நெருங்கக் கூடாது." அந்தப் பெண்ணின் சிரிப்பு அப்படியே முகத்தில் நின்றது, பிறகு இறங்கியது. ஒரு கை தன்னால் வயிற்றுக்குப் போனது. இரண்டடி பின்னால் போய், இன்னும் இரண்டடி போய், சுவரை ஒட்டி நின்றாள். கோபமில்லை அந்தப் பார்வையில். அதைவிட மோசமாக ஒன்று இருந்தது, ஒரு ஒதுங்கல். உனக்கும் எனக்கும் நடுவில் இத்தனை இடம் இருக்கட்டும் என்கிற கணக்கு. உலகம்மாள் திரும்பி அறைக்குள் வந்துவிட்டாள். ஒரு நாளைக்குத்தான் இது, நாளைக்குக் காலையில் சரியாகிவிடும் என்று நிலோபர் சொல்லியிருந்தாள். புஷ்பம் இதே பார்வையை மாசியிலிருந்து ஆனிவரை, காலை பத்திலிருந்து சாயங்காலம் ஐந்தே முக்கால்வரை, டிபன் பாக்ஸை மூடியபடி பார்த்துக்கொண்டிருந்தாள். உலகம்மாளுக்கு அழுகை வந்தது. மூக்கைச் சிந்திக்கொண்டு போனை எடுத்தாள். புஷ்பத்தின் எண்ணை அவள் அழிக்கவில்லை. அந்தப் பெயர்மேல் விரலை வைத்தாள். பேசிவிடலாம், இப்போதே, இட்லி எங்கே கிடந்தால் என்ன. விரல் அழுத்தவில்லை. ஒருவேளை இறங்கியிருந்தால்? ஒருவேளை வைத்தவளிடமே போய் மன்னிப்புக் கேட்டதாக ஆகிவிட்டால்? ரிப்போர்ட் வரட்டும். கையில் காகிதம் இருந்தால் தைரியமாகப் பேசலாம். போனைப் பைக்குள் போட்டாள். கோர்ட்டில் வேலை பார்த்த புத்தி என்று தன்னைத்தானே மெச்சிக்கொள்ளவும் செய்தாள்.

நாலாவது மணிப் படம் பன்னிரண்டரைக்கு முடிந்தது, ஒரு மணிக்கெல்லாம் டாக்டர் கூப்பிட்டுவிட்டார். கோமதிநாயகம் பின்னாலேயே வந்து நுனி நாற்காலியில் உட்கார்ந்தார். நாலு படமும் திரையில் வரிசையாக இருந்தன. முதல் மொச்சைக்கொட்டைக்கும் கடைசி மொச்சைக்கொட்டைக்கும் வித்தியாசம் தேட வேண்டியிருந்தது. "நாலு மணி நேரத்துல வயித்துல பத்துல ஒரு பங்குக்கு மேல மிச்சம் இருக்கக் கூடாது. உங்களுக்குப் பாதிக்கு மேல அப்படியே இருக்கு. அம்பத்தெட்டு சதவீதம்." அவர் சொல்லிக்கொண்டே போனார். வயிறு காலியாவது தன்னால் நடக்கிற காரியம் இல்லை, அது தசை, அரைத்து, அரைத்ததைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே தள்ள வேண்டும், தள்ளச் சொல்லுகிற நரம்பு சோர்ந்துவிட்டது. முழுக்கச் சரியாகாது, சமாளிக்கலாம். ஒரே மூச்சில் சாப்பிடாமல் ஆறு தடவையாகக் கொஞ்சம், குழைவாக, எண்ணெய் குறைத்து, நார் இல்லாமல், ஊசி போடுகிற நேரத்தை மாற்றிக்கொண்டு. கோமதிநாயகம் எல்லாவற்றையும் ஒரு பழைய டிரிப் ஷீட்டின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டார். "அப்ப வீம்பு இல்ல" என்றார் திடீரென்று, டாக்டரிடமா அவளிடமா என்று தெரியாமல். "நான் வேற மாதிரி பேசிட்டேன்." இரண்டு வருடமாக அவள் அந்த வார்த்தைக்காகத்தான் ஏங்கினாள். வந்தபோது அது உள்ளே எங்கும் போய்ச் சேரவில்லை. "டாக்டர், முடி மாதிரி உருண்டைன்னியளே, அது மஞ்சளா இருக்குமா?" டாக்டர் யோசித்தார். "சாப்பிட்டதோட நிறத்துல இருக்கும்மா. ஏன்?" ஒன்றுமில்லை என்றாள்.

வெளியே வந்து வேப்பமரத்தடியில் நின்றாள். ஒன்றே முக்கால். கோர்ட்டுகளுக்கெல்லாம் சாப்பாட்டு நேரம். பக்கத்தில் நிற்க வேண்டாம் என்று கோமதிநாயகத்திடம் சொல்லிவிட்டுப் போனை அழுத்தினாள். நாலாவது ரிங்கில் புஷ்பம் எடுத்தாள். "யாரு?" என்று கேட்கவில்லை. அப்படியென்றால் அவளும் எண்ணை அழிக்கவில்லை. "புஷ்பம், நான் உலகம்மா. மதுரையில ஆஸ்பத்திரியில இருக்கேன். டெஸ்ட்டு எடுத்தாக. வயித்து நரம்புல கோளாறாம், சர்க்கரையால. நாலு மணி நேரமா இட்லி எறங்கல. அன்னைக்கு வந்தது ஒன் கெழங்கு நாருட்டி, நான் உரிக்காமத் தின்னது. நீ ஒண்ணும் வைக்கல. கையில ரிப்போர்ட்டு இருக்கு, நான் ஒனக்கு அனுப்புதேன், நீயே பாரு." ஒரே மூச்சில் சொல்லிவிட்டாள். அந்தப் பக்கம் ஒரு டிபன் பாக்ஸ் மூடுகிற சத்தம் கேட்டது. புஷ்பத்தின் குரல் நிதானமாக வந்தது. "நான் வைக்கலன்னு எனக்கு அன்னைக்கே தெரியும்லா. எனக்கு எதுக்கு அந்தக் காயிதம்?" அவளே தொடர்ந்தாள். "நான் வச்சேன்னு சொல்லுததுக்கு அன்னைக்கு ஒனக்கு ஒரு காயிதமும் வேண்டியிருக்கல. பதினாலு வருசம் எங்கையால தின்னுருக்க. நான் வைக்கலன்னு நம்புததுக்கு மட்டும் காயிதம் வேணும், என்ன?" உலகம்மாளுக்கு இரண்டு மணி நேரத்துக்கு முன்னால் அழுத்தாமல் எடுத்த விரல் எரிந்தது. "தப்புதான் புஷ்பம். மன்னிச்சிரு." "நீ எங்கிட்ட மட்டுமா சொன்ன? பதினோரு பேருகிட்டச் சொன்ன. அவுக இன்னும் அதத்தான் நம்பிக்கிட்டு இருக்காக. இங்க அம்பாசமுத்திரம் வரைக்கும் வந்துட்டு அது. இங்கயும் நான் தனியாத்தான் திங்கேன்." "திங்கக்கிழம சொல்லுதேன். அதே அறையில, எல்லாரும் சாப்பிடும்போது, எந்திரிச்சு நின்னு சொல்லுதேன்." "நீ சொல்ல மாட்ட" என்றாள் புஷ்பம், கோபமில்லாமல், தெரிந்த ஒன்றைச் சொல்லுகிறவள் போல, போனை வைத்துவிட்டாள்.

கோமதிநாயகம் தள்ளி நின்றபடியே, "என்ன சொல்லுதா?" என்றார். "நான் சொன்னத அவ நம்பல." "நம்பாம என்ன? ரிப்போர்ட்ட ஒரு போட்டோ எடுத்து அனுப்பு, நம்புவா." உலகம்மாள் வேண்டாமென்று தலையை ஆட்டினாள். வயிற்றில் காலை இட்லி கனத்துக்கொண்டு கிடந்தது. தன் பேச்சுக்கு மதிப்பில்லாமல் போவது எப்படி இருக்கும் என்று அவளுக்கு இப்போதுதான் தெரிகிறது, தெரிய ஒன்பது மாதம் ஆகியிருக்கிறது. "அனுப்ப வேண்டாங்க. திங்கக்கிழம மத்தியானம் வரைக்கும் அவ என்னய நம்பாமத்தான் இருப்பா. இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு, அவருக்கு இரண்டடி தள்ளி, பஸ் ஸ்டாண்டைப் பார்த்து நடந்தாள்.